படிவத்தில் ஓர் எண், வால்வில் ஓர் எண்: திருவொற்றியூரில் இரண்டு நாள் பாய்லர் சான்றிதழ்ப் பயிற்சி

தண்டையார்பேட்டையில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளையும் அறுவை அரங்குத் துணிகளையும் வெளுத்துத் தேய்த்துத் தரும் ஒரு சலவை ஆலையின் பராமரிப்புப் பொறுப்பில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். மணிக்கு 600 கிலோ நீராவி தரும், சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ அழுத்தத்துக்குச் சான்று பெற்ற ஸ்மோக் டியூப் பாய்லர் (தண்ணீருக்கு நடுவே செல்லும் டியூப்களுக்குள் சூடான புகை ஓடும் வகை) ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சான்றிதழ் முடியும் மாதம் நெருங்கும்போது ஏஜென்ட் ஒருவர் வருவார், கோப்பை எடுத்துக்கொள்வார், ஒரு தொகையைச் சொல்வார், பென்சிலால் குறியிட்ட இடங்களில் நான் கையெழுத்துப் போடுவேன், ஆய்வு முடிந்ததும் புதிய சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு பாய்லர் அறைச் சுவரில் மாட்டிவிடுவோம். இந்த ஆண்டு எங்கள் முதலாளி, அம்பத்தூரில் மூடிக்கிடக்கும் ஓர் ஆலையிலிருந்து பழைய பாய்லர் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிப் போடலாமா என்று கேட்டபோதுதான், ஒன்பது ஆண்டுகளாகக் கையெழுத்திட்ட தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது என்பது உறைத்தது.

அந்த உறுத்தலோடுதான் 2025 ஆகஸ்டில், திருவொற்றியூர்த் தேரடி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வன்பொருள் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் பயிற்சி மையம் நடத்திய "பாய்லர்கள், அழுத்தக் கலன்கள்: சான்றிதழ்த் தேவைகள்" என்னும் இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் ஜி.எஸ்.டி. உட்பட ஐந்தாயிரத்துக்குச் சற்று மேல். மதிய உணவும் ஒரு கையேடும் அதில் அடக்கம். குறைகளையும் சேர்த்தே எழுதப் போவதால் மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. திருவொற்றியூர், மணலி வட்டாரத்தில் ஆலை நடத்துபவர்களுக்கு அடையாளம் தெரியாமல் இருக்காது. வகுப்பில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். பாதிப்பேர் மணலியிலும் மாதவரத்திலும் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர்கள். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி ஒன்றின் மேற்பார்வையாளர் ஒருவர். மற்றவர்கள் என்னைப் போல ஆலைக்குள் பாய்லரை வைத்துக்கொண்டு ஏஜென்டை நம்பி வாழ்பவர்கள்.

நடத்தியவர் பாய்லர் தயாரிப்பு நிறுவனங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். சட்டப் பிரிவுகளைத் திரையில் போட்டு வாசிப்பார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு, அவர் கேட்ட முதல் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது: "தேரடி முக்குல டீக்கடை பாய்லர் இருக்கே, அதுக்கு சர்டிஃபிகேட் வேணுமா?" எல்லோரும் சிரித்தோம், ஆனால் ஏன் வேண்டாம் என்பதற்குச் சரியான காரணத்தை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் பாய்லர் என்பது, தனக்கு வெளியே பயன்படுத்துவதற்காக நீராவியை அழுத்தத்தின் கீழ் உண்டாக்கும் மூடிய கலன். அதிலும் 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ளவை, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைவான அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டு அதற்குள்ளேயே இயங்குபவை, தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழேயே சூடாக்குபவை ஆகிய மூன்றும் விலக்கப்பட்டவை. டீக்கடைச் செம்புக் கலன் நாள் முழுவதும் கொதித்தாலும் அது சட்டப்படி பாய்லர் அல்ல. அதே நேரத்தில் எங்கள் ஆலையின் பின்கட்டில் யார் கண்ணிலும் படாமல் நிற்கும் பாய்லர், முதல் தீ மூட்டுவதற்கு முன்பிருந்தே சட்டத்துக்குள் இருக்கிறது.

இந்த ஒரு கேள்வியிலிருந்து அவர் அந்த முற்பகல் முழுவதையும் விரித்தார். என் பார்வையில் இந்தப் பயிற்சியின் மதிப்பில் பாதி அந்த முற்பகலில்தான் இருந்தது. என்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கலன் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று கேட்கப் பழக வேண்டும் என்பதே அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது. ஒவ்வொருவரையும் தம் ஆலையில் அழுத்தம் தாங்கும் பொருள்கள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். நான் எழுதியவை: பாய்லர், அதிலிருந்து உருளைத் தேய்ப்பு இயந்திரத்துக்குப் போகும் நீராவிக் குழாய், கம்ப்ரசரோடு சேர்ந்த காற்றுத் தொட்டி, முன்பு டிரையருக்குப் பயன்பட்டு இப்போது ஓரமாக நிற்கும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர். இந்த நான்கையும் நான் மனத்துக்குள் ஒரே கோப்பில்தான் வைத்திருந்தேன்; அவர் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்.

பாய்லரும் நீராவிக் குழாயும் கொதிகலன் சட்டத்துக்கும், பொதுவாக ஐ.பி.ஆர். என்று வழங்கும் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளுக்கும் உட்பட்டவை. குழாயிலும் ஒரு வரம்பு உண்டு. நீராவியின் அழுத்தம் 3.5 கிலோவைத் தாண்டினால் அது சட்டப்படி நீராவிக் குழாய். குழாயின் உள்விட்டம் 254 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் 1 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தமே போதும். எங்கள் உருளை இயந்திரத்துக்கு 7 கிலோவில் நீராவி போகிறது, ஆகவே அந்த வழி முழுவதும் ஐ.பி.ஆர்.; ஆனால் அழுத்தக் குறைப்பு வால்வைத் தாண்டி 3 கிலோவில் துவைப்புத் தொட்டிகளுக்குப் போகும் ஒன்றரை அங்குலக் கிளைக்குழாய் அந்த வரையறைக்குள் வராது. தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரில் எண்ணெய்தான் சூடாகிச் சுற்றுகிறது, நீராவி உண்டாவதில்லை. பார்ப்பதற்கு பாய்லரைப் போலவே இருந்தாலும் அது இந்தச் சட்டத்தின் பாய்லர் அல்ல. காற்றுத் தொட்டியை அப்போது, 2025 ஆகஸ்டில், தொழிற்சாலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு பார்த்துக்கொண்டது. அதைச் சோதித்துச் சான்று தருபவர் பாய்லர் இன்ஸ்பெக்டர் அல்லர், தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற தகுதியாளர்.

என் பட்டியலில் இல்லாத இன்னொரு வகையைக் கேட்டபோது மணலிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்.பி.ஜி. போன்ற அழுத்தப்பட்ட வாயுவைச் சேமிக்கும், 1000 லிட்டருக்கு மேல் நீர்க்கொள்ளளவு உள்ள கலன்கள் 2016-ஆம் ஆண்டின் நிலையான, நகரும் அழுத்தக் கலன்கள் விதிகளின் கீழ் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோதான் அதற்கு உரிமம் தருகிறது. அந்த விதிகளே காற்றுத் தொட்டிகளையும் ஆட்டோகிளேவ்களையும் தம் வரையறையிலிருந்து பெயர் சொல்லி விலக்கியிருக்கின்றன. "பெசோ அப்ரூவல் வாங்கித் தருகிறேன்" என்று கூறி எங்கள் காற்றுத் தொட்டிக்காக ஒரு தரகர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேற்கோள் கொடுத்திருந்தார். அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதை வகுப்பில் எடுத்துக் காட்டாததற்கு வெட்கம் ஒன்றே காரணம்.

இந்த இடத்தில் காசிமேட்டுக்காரர் தம் ஐஸ் ஃபேக்டரியின் அம்மோனியாக் கலன்களைப் பற்றிக் கேட்டார். அவருக்குக் கிடைத்த விடை இரண்டு வாக்கியங்களில் முடிந்துபோனது. மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி இத்தனை ஐஸ் ஆலைகள் இருக்கும் பகுதியில் நடக்கும் வகுப்பில் அந்தக் கேள்விக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். தேநீர் இடைவேளையில் அவர் தனியாகப் போய் மீண்டும் கேட்டதைப் பார்த்தேன்.

பிற்பகலில், பாய்லர் ஒன்றின் தாள்கள் எந்த வரிசையில் பிறக்கின்றன என்பதை விளக்கினார். இரும்புத் தகடு உருக்காலையிலிருந்து வரும்போதே தயாரித்தவரின் சான்றோடு வருகிறது. வரைபடத்துக்கு ஒப்புதல், தேர்வு பெற்ற வெல்டர், வெல்டிங்கின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வு அதிகார அமைப்பின் பார்வை, கடைசியில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் என்று பட்டறைக்குள்ளேயே ஒரு வரலாறு எழுதப்படுகிறது. ஆய்வாளர் தரும் படிவம் 2, தயாரிப்பாளர் தரும் படிவம் 3, குழாய்களுக்கு 3-ஏ, டியூப்களுக்கு 3-பி, வால்வு போன்ற மவுன்டிங்குகளுக்கும் ஃபிட்டிங்குகளுக்கும் 3-சி. இந்தக் கட்டு முழுமையாக இருந்தால்தான் ஆலைக்கு வந்த பின் பதிவு எண் கிடைக்கும். அதுவரை இயக்குவதற்கு ஆறு மாதத்துக்கு மிகாத தற்காலிக ஆணை படிவம் 5, அதன் பிறகு ஆண்டுதோறும் நாங்கள் கண்ணாடி போட்டு மாட்டும் படிவம் 6. வெறும் பட்டியலாகச் சொல்லியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட என் நினைவில் தங்கியிருக்காது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கனமான வார்ப்பு எஃகு வால்வை எடுத்து எங்கள் முன் வைத்தார். ஒன்றரை அங்குல ஃபிளாஞ்சு, உடம்பில் வெள்ளி வண்ணப் பூச்சு, பக்கவாட்டில் தட்டிப் பதித்த எண்கள். கூடவே அதற்கான படிவம் 3-சி: தயாரிப்பாளர் பெயர், வால்வின் வகை, அளவு, வடிவமைப்பு அழுத்தம், சோதனை அழுத்தம், உலோகத்தின் வேதியியல் கலவை, இழுவிசைச் சோதனை முடிவு, அடையாளக் குறி, ஆய்வாளரின் கையெழுத்து. "இது அதோட பேப்பர்தானா, பாத்துச் சொல்லுங்க" என்றார். வால்வு கைமாறிக் கைமாறிச் சுற்றியது. கையெழுத்தைச் சிலர் பார்த்தார்கள், முத்திரையைச் சிலர் பார்த்தார்கள், அழுத்தத்தைப் பெரும்பாலோர் பார்த்தார்கள். சரியாகத்தான் இருக்கிறது என்று அனைவரும் தலையாட்டிவிட்டோம். பின் வரிசையில் இருந்த ஒரு பட்டறைக்காரர் மட்டும் வால்வைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நகத்தால் வண்ணத்தைச் சுரண்டி, எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். கடைசிக்கு முந்தைய இலக்கம் படிவத்தில் 3, வால்வில் 8.

அதற்கு மேல் அவர் நீட்டி முழக்கவில்லை. அந்தப் படிவம் பொய்யல்ல, வேறொரு வால்வுக்கு உண்மையானது, இந்த வால்வைப் பற்றி அது எதையுமே சொல்லவில்லை என்று மட்டும் சொன்னார். சான்றிதழ் என்பது ஒரு மாடலுக்கோ ஒரு நிறுவனத்துக்கோ கொடுக்கப்படும் நற்சான்று என்றே நான் எண்ணியிருந்தேன். அது ஒரு குறிப்பிட்ட இரும்புத் துண்டைப் பற்றிய வாக்குமூலம் என்பது அன்றைக்குத்தான் கைக்குள் கனத்தது.

சட்டப் பகுதியில் வரலாறு சற்றே நீண்டுவிட்டது என்றாலும் எனக்குச் சலிக்கவில்லை. 1863-இல் கல்கத்தாவில் நடந்த பாய்லர் வெடிப்பில் பல உயிர்கள் போனதையடுத்து, 1864-இல் வங்காளத்தில் இதற்கென முதல் சட்டம் வந்தது. பின்பு மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட விதிகளை ஒன்றாக்கியது 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன்கள் சட்டம். அமெரிக்காவில் 1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் ஒரு காலணி ஆலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்ததும், அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாகவே அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) பாய்லர் விதித்தொகுப்பு உருவானதும் அதே மூச்சில் வந்தன. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதத்திலும் ஜூலை 1 அன்றும் அடுத்தடுத்து நேர்ந்த விபத்துகளை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வகுப்பில் இருந்த ஒருவரின் உறவினர் அங்கே வேலை செய்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கையேட்டின் பெரிய குறையும் இங்கேதான் வெளிப்பட்டது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் கொதிகலன்கள் சட்டம் வந்துவிட்ட பிறகும், எங்களுக்குக் கொடுத்த கையேடு பழைய சட்டத்தின் பிரிவு எண்களோடுதான் அச்சாகியிருந்தது. பயிற்றுநர் வாய்மொழியாகத் திருத்திக்கொண்டே போனார்: உயிருக்கும் உடைமைக்கும் கேடு விளைவிக்கக்கூடிய நான்கு பெரிய குற்றங்களுக்குக் குற்றவியல் தண்டனை தொடர்கிறது, ஏனையவற்றைப் புதிய சட்டம் அபராதத்தோடு நிறுத்திக்கொள்கிறது, பழைய ஒழுங்குமுறைகள் புதிய சட்டத்துக்கு முரணாகாத அளவில் நடைமுறையில் இருக்கின்றன என்றெல்லாம் அவர் சொன்னவை தெளிவாகவே இருந்தன. ஆனாலும் ஐந்தாயிரம் ரூபாய் வாங்குபவர்கள், சான்றிதழ் காலாவதியாகக் கூடாது என்று சொல்லித் தருபவர்கள், தம் கையேட்டைக் காலாவதியாக விடலாமா?

மற்றபடி, உரிமையாளரைச் சட்டம் எதற்கெல்லாம் பொறுப்பாக்குகிறது என்ற பகுதி வெகு துல்லியமாக இருந்தது. பாய்லர் பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும், அதில் குறித்த அழுத்தத்தைத் தாண்டி இயக்கக் கூடாது, தகுதிச் சான்று பெற்ற ஆளின் பொறுப்பில் இருக்க வேண்டும். இவை நான்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும், மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் இயக்குவது குற்றம். அழுத்தம் தாங்கும் பாகத்தில் பழுதுபார்ப்பதாக இருந்தாலும் மாற்றம் செய்வதாக இருந்தாலும் தலைமை ஆய்வாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வெல்டரைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுவது என்பது இங்கே இல்லை. விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைச் சான்றிதழ் முடிவதற்கு முன்பே கொடுத்துவிட்டால், ஆணை வரும் வரை பழைய அழுத்தத்திலேயே இயக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. முடிந்த மறுநாள் கொடுத்தால் அந்த நிழல் கிடைக்காது. கடைசி வாரம் வரை விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பதற வைக்கும் ஏஜென்டை நான் இனி வேறு விதமாகப் பார்ப்பேன்.

முதலாளியின் கேள்விக்கும் இங்கே விடை கிடைத்தது. சான்றிதழ் 12 மாதம் முடிந்தால் மட்டும் செயலிழப்பதில்லை. விபத்து நேர்ந்தாலும், கட்டமைப்பு மாற்றம் செய்தாலும், நிலையாக நிறுவிய பாய்லரை இடம் பெயர்த்தாலும் அது செத்துப்போகிறது. அம்பத்தூர் பாய்லரின் சான்றிதழில் இன்னும் நான்கு மாதம் மீதி இருக்கிறது என்று தரகர் அழுத்திச் சொன்னதற்கு எந்தப் பொருளும் இல்லை. அடித்தளத்திலிருந்து கழற்றி லாரியில் ஏற்றி வேறிடம் கொண்டுவந்த பின், புதிதாக ஆய்வு, புதிதாகச் சான்றிதழ். கேட்க வேண்டியது மீதி மாதங்களை அல்ல, ஷெல்லில், அதாவது பாய்லரின் உடற்கூட்டில், பதித்த பதிவு எண்ணையும் அந்த எண்ணின் பேரில் தொடர்ந்து வரும் ஆய்வுக் குறிப்பேட்டையும். அதில் எந்த ஆண்டு டியூப் மாற்றினார்கள், எந்த ஆண்டு அழுத்தத்தைக் குறைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். நான் தரகரிடம் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டேன். இன்றுவரை வரவில்லை, பேச்சு அதோடு நின்றுவிட்டது.

இரண்டாம் நாளின் முற்பகல் ஏ.எஸ்.எம்.இ. தொகுப்புக்குப் போய்விட்டது. முதல் பகுதி உயர் அழுத்த நீராவிப் பாய்லர்கள், எட்டாம் பகுதி அழுத்தக் கலன்கள், ஒன்பதாம் பகுதி வெல்டிங் தகுதி, பாய்லருக்கான எஸ் முத்திரை, அழுத்தக் கலனுக்கான யு முத்திரை, பழுதுபார்ப்புக்கான ஆர் முத்திரை என்று வேகமாகப் போனது. வளைகுடா நாடுகளுக்குக் கலன் செய்து அனுப்பும் மணலிப் பட்டறைகளுக்கு இது தேவைதான். அவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டதிலேயே அது தெரிந்தது. பாய்லரைப் பயன்படுத்தும் எங்களுக்கு அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் போதும்: யு முத்திரை குத்திய கலன் என்பதால் மட்டும் அது இந்தியாவில் ஐ.பி.ஆர். கலனாகிவிடாது, ஐ.எஸ்.ஓ. 9001 தர மேலாண்மைச் சான்று வைத்திருக்கும் நிறுவனம் செய்தது என்பதால் மட்டும் அது எந்தக் கலனாகவும் ஆகிவிடாது. இந்தப் பகுதியைச் செய்பவர்களுக்கு ஒன்று, பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று என்று இரண்டு அறைகளாகப் பிரித்திருக்கலாம். நடுவில் மின்சாரம் போய், மின்விசிறியும் திரையும் இல்லாமல் முக்கால் மணி நேரம் வியர்த்தது தனிக்கதை.

பிற்பகலில் ஆண்டு ஆய்வுக்கு பாய்லரை எப்படித் தயார் செய்வது என்று காட்டியது மீண்டும் முதல் நாளின் தரத்துக்கு வந்தது. நீளவாக்கில் அறுத்த ஒரு ஸ்மோக் டியூப் துண்டைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர்ப் பக்கத்தில் சுண்ணாம்பு வெள்ளைப் படிவு ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனுக்கு ஒட்டியிருந்தது. படிவு அதிகமாக இருந்த இடத்தில் உலோகம் நெளிந்து, நிறம் மாறியிருந்தது. படிவு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கிறது, டியூப் தன் வெப்பத்தைத் தானே சுமக்கிறது, வலுவிழக்கிறது. கடல்நீர் உட்புகுந்த நிலத்தடி நீரை நம்பியிருக்கும் எங்கள் பகுதி ஆலைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை என்றாலும், தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரின் உப்புக்குக் கணக்கு கேட்கும் முதலாளிகளுக்குக் காட்ட அந்தத் துண்டை ஒரு நாள் இரவல் வாங்கலாமா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மேன்ஹோல், மட்ஹோல் மூடிகளைக் கழற்றி, உட்புறத்தைக் கழுவித் துடைத்து, வால்வுகளை இறக்கிப் பிரித்து வைத்து, பிற நீராவி வழிகளோடு தொடர்பைத் துண்டித்து, நுழைந்து பார்க்க வெளிச்சமும் ஏணியும் கொடுப்பது உரிமையாளரின் கடமை. போதிய காரணமின்றித் தயார் செய்யாமல் வைத்திருந்தால் ஆய்வாளர் மறுத்துவிட்டுப் போகலாம், மீண்டும் விண்ணப்பம், மீண்டும் கட்டணம். அந்தக் கட்டணமும் நாங்கள் பேசிக்கொள்ளும் "600 கிலோ பாய்லர்" கணக்கில் வருவதில்லை, வெப்பப் பரப்பின் சதுர மீட்டர் கணக்கில் வருகிறது. ஹைட்ரோ டெஸ்டை ஏன் காற்றால் செய்யாமல் தண்ணீரால் செய்கிறார்கள் என்பதையும் அழகாகச் சொன்னார். புதிய பாய்லரை வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிச் சோதிக்கும்போது, அதாவது எங்களுடையதைப் போன்ற ஒன்றை ஏறத்தாழ 15.8 கிலோவுக்கு ஏற்றும்போது, எங்காவது விரிசல் விட்டால் அமுங்காத தண்ணீர் ஒரு பீச்சலோடு அடங்கிவிடும். அமுங்கிய காற்று அடங்காது. ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரில் 185 டிகிரிக்கு அருகில் நிற்கும் தண்ணீரில் ஒரு பகுதி, அழுத்தம் போன நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும் என்று அவர் சொன்னபோது, என் அறைக்கும் பாய்லருக்கும் நடுவில் இருக்கும் ஒற்றைச் செங்கல் சுவர் நினைவுக்கு வந்தது. சேஃப்டி வால்வுச் சோதனையில், நீராவி வெளியேறும் வழியை அடைத்து முழுத் தீயில் எரித்தாலும் அழுத்தம் வேலை அழுத்தத்துக்கு மேல் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்னும் விதியும் அதே கோணத்தில் புரிந்தது. 10.54 என்ற வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, பழைய 150 பி.எஸ்.ஐ.தான் மெட்ரிக் உடை போட்டுக்கொண்டு நிற்கிறது என்றார்.

குறை என்று இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கையேடு முழுவதும் ஆங்கிலத்தில். வகுப்பைத் தமிழில் இவ்வளவு நன்றாக நடத்தத் தெரிந்தவர்கள், பாய்லர் அருகே எட்டு மணி நேரம் நிற்கும் அட்டெண்டன்ட் படிக்கும்படி நாலு பக்கமாவது தமிழில் தந்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சலுகைக் கட்டணமும் இல்லை. எங்கள் அட்டெண்டன்டை அழைத்துவர முழுத் தொகை கேட்டார்கள், முதலாளி மறுத்துவிட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது, வண்டி நிறுத்த இடம் இல்லை, மெட்ரோவில் போவது நல்லது. புதிய சட்டத்துக்கேற்பக் கையேட்டை மாற்றிய பிறகு நடக்கும் வகுப்பில், பாய்லர் வைத்திருக்கும் எவரும் முதல் நாள் முழுவதும் இரண்டாம் நாள் பிற்பகலும் உட்காரலாம். கொடுத்த பணத்துக்கு மேல் கிடைக்கும்.

திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கோப்பிலிருந்த 3-சி படிவங்களை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனேன். எங்கள் அட்டெண்டன்ட் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்; இரண்டாம் வகுப்புச் சான்று பெற்றவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் கம்பித் தூரிகையால் ஒவ்வொரு வால்வாகத் தேய்த்து எண்ணை வாசிக்க, நான் படிவத்தோடு ஒத்துப் பார்த்தேன். மெயின் ஸ்டீம் ஸ்டாப் வால்வு சரி, சேஃப்டி வால்வு சரி, ஃபீட் செக் வால்வு சரி. சென்ற ஆண்டு மாற்றிய, பாய்லரின் அடிக்கசடை வெளியேற்றும் ப்ளோடவுன் வால்வில் நிறுத்தினார். "இன்னா சார், இதுல நம்பரே வேற மாதிரி கீது" என்றார். குனிந்து பார்த்தேன். இலக்கம் ஒன்று மாறியிருக்கவில்லை. எண்ணே வேறு, தயாரிப்பாளரின் குறியும் வேறு.

அந்த வால்வைப் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் வாங்கியிருந்தோம். குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் பெயர்போன அந்தத் தெருவில் நுழைந்தவுடன் கேட்பதே "ஐ.பி.ஆரா, நான்-ஐ.பி.ஆரா" (ஐ.பி.ஆர். சான்று உள்ளதா, இல்லாததா) என்றுதான், விலையில் உள்ள இடைவெளி அந்தத் தாளுக்கான விலை என்றே பலரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பில்லோடு போய்க் கேட்டபோது கடைக்காரர் கொஞ்சமும் பதறவில்லை. "பேப்பர்தானே சார் பிரச்சினை, சாயங்காலம் வாங்க, இந்த நம்பருக்கே ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன்" என்றார். ஏதோ விசிட்டிங் கார்டு அச்சடிப்பதைப் போல. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடையில், பணம் வாங்குவதற்கு முன்பே அசல் படிவத்தை எடுத்துக் கல்லாவின் மேல் விரித்து, வால்வைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள விட்டார்கள். விலை பழையதைவிட எண்ணூறு ரூபாய் கூடுதல்.

அடுத்த ஞாயிறு பாய்லரை ஆற வைத்து அதை மாட்டினோம். மாட்டுவதற்கு முன் அண்ணன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கேட்காமலே, ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தார். நான் படிவத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தேன்.